இடிக்காததற்குக் கூலி

2023 மே மாதம் சுவா சூ காங் முழுக்க ஆளாளுக்குச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவா சூ காங் கிரசென்ட்டில் 684பி புளோக்கில் ஒரு வீட்டைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று தாங்கு சுவர் ஒன்றையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். கதவு சரியாகத் திறக்கவில்லை, சுவரில் கீறல் விட்டிருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள், கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்றார்கள், இடித்ததைத் திரும்பக் கட்டச் சொன்னார்கள். அனுமதியில்லாமல் தாங்கு பாகத்தில் கை வைத்தால் 200,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிற சட்டம் எங்கள் கோப்பிக் கடையில் அந்த வாரந்தான் அறிமுகமானது.

அறிமுகமான மறுநாளே கடையில் இருந்த அத்தனை பேரும் நிபுணர்கள். “டொக் டொக்னா செங்கல், டக் டக்னா காங்கிரீட்” என்றார் ஒருவர். இன்னொருவர் ஆணி அடித்துப் பார்க்கச் சொன்னார்: வளைந்தால் தாங்கு சுவர், இறங்கினால் நம் சுவர். மேல் தளத்து மலாய் மக்சிக் தன் வீட்டுப் படுக்கையறைக் கதவு பத்து வருஷமாகச் சரியாகச் சாத்துவதில்லை என்றும், அதற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னார். அவருடைய வீட்டுக்கும் 684பிக்கும் நடுவே மூன்று கார்பார்க் இருக்கிறது.

கதவு ஏன் மாட்டிக்கொள்கிறது என்பது எளிய கணக்குதான். சுவரை எடுத்தால் அது சுமந்த எடை காணாமல் போய்விடாது. பக்கத்துத் தூணையும் பக்கத்துச் சுவரையும் தேடிப் போகும். போகிற வழியில் தளம் சில மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் போதும், நேராக நின்ற கதவுச் சட்டம் கோணிக்கொள்ளும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத சரிவு கதவுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் சுவரைத் தட்டும் வழக்கம் 2023இல் தொடங்கியதில்லை. 1992இலேயே உண்டு.

அந்த வருஷந்தான் நாங்கள் இந்த நாலறை வீட்டுக்கு வந்தோம். சுவா சூ காங்குக்கு ரயில் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 1990 மார்ச் 10ஆம் தேதி நிலையத்தைத் திறந்தார்கள். ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்கி வேறு வண்டி மாறித்தான் வர வேண்டும். லாட் ஒன் கடைத்தொகுதி 1996இல் வந்தது, ஆகவே பால் பவுடர் வாங்கினாலும் அது ஒரு பயணம். அப்பாவுக்குச் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வேலை. லிட்டில் இந்தியாவுக்கென்று ரயில் நிலையம் 2003 வரை கிடையாது. தோபி காட்டில் இறங்கி நடப்பார். ராத்திரி கடை சாத்தி நேரமாகிவிட்டால் தேக்காவிலிருந்து டாக்சி. “சுவா சூ காங்” என்று அப்பா சொன்னால் டாக்சிக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, “இடுகாடா?” என்று கேட்பார். ஊருக்கு அப்போது அதுதான் முகவரி.

வீடு கிடைத்தவுடன் அதை வீவக வீடு மாதிரி தெரியாமல் ஆக்குவது அன்றைய குடும்பத் தலைவர்களின் கடமை. அதற்கு மூன்று லட்சணங்கள் இருந்தன. மேலே பொய்க்கூரை, கீழே மார்பிள், சமையலறை வாசலில் வளைவு. வளைவுதான் முக்கியம். அங் மோ கியோவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன அப்பா, மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்ததைவிட அந்த வீட்டு வளைவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதிகம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். செங்கல் சுவரை வாசலுக்கு இரண்டு பக்கமும் உடைத்து அகலப்படுத்தி, மேலே அரைவட்டமாகப் பூசி, விளிம்புக்குப் பழுப்பு ஓடு பதித்தால் சாம்பார் வாசனை ஸ்பெயின் நாட்டு அரண்மனை வழியாக வரும்.

அப்பா பிடித்த காண்ட்ராக்டர் ஒரு சீனத் தவுக்கே. காதில் பென்சில், கையில் அளவு நாடா, சட்டைப் பையில் சிகரெட்டும் எங்கள் வீட்டுச் சாவியும். பெயர்ப்பலகை, கடிதத்தாள் எதுவும் கிடையாது. கோப்பிக் கடை மேசையில் சிகரெட் பெட்டியின் உள்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்பாவும் அவரும் பேசியது சந்தை மலாயில். இரண்டு பேருக்கும் அந்த மொழியில் மொத்தம் முந்நூறு சொல் தெரியும், அதில் பாதி விலை சம்பந்தப்பட்டவை.

தவுக்கேயின் பரிசோதனைக் கருவி அவருடைய வலது கை நடுவிரல். சமையலறைச் சுவரில் மூன்று இடத்தில் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். “போலே” என்றார். முடியும். அவ்வளவுதான் பொறியியல். பிறகு, கேட்காமலே வரவேற்பறைக்கும் நடு அறைக்கும் இடையில் இருந்த சுவருக்குப் போனார். அதையும் தட்டினார். அதையும் எடுத்துவிட்டால் ஹால் எவ்வளவு பெரிசாகும் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அப்பா முகத்தில் அந்த விரிந்த கை அப்படியே தெரிந்தது.

விதி அன்றைக்கும் இருந்தது. சுவரை இடிக்க வீவக அனுமதி வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுவாகத் தெரியும், தனிப்பட்ட முறையில் யாருக்கும் தெரியாது. எங்கள் தளத்தில் அந்த வருஷம் புது வீட்டுக்காரர்கள் எல்லாருமே எதையோ உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இன்னொருவரைக் கேட்கவில்லை, கேட்டால் அவர் நம்மைக் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியலும் உளியுமாக இரண்டு பேர் வந்தார்கள். சாமி படங்களைப் பழைய புடவையால் மூடிவிட்டு அம்மா என்னையும் தங்கையையும் வாசலுக்கு வெளியே உட்கார வைத்தார். மத்தியானத்துக்குள் சமையலறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓட்டை. செங்கல் பொடி தாழ்வாரம் வரை சிவப்பாகப் படிந்து, அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் செருப்புத் தடம். சிமென்ட் சாக்குகளில் கட்டிய இடிபாடு லிப்ட்டில் இறங்கியது. அன்றைக்கு முழுக்க அந்த லிப்ட் யாருக்கும் கிடைக்கவில்லை, யாரும் புகார் செய்யவும் இல்லை. அடுத்த ஞாயிறு அவர்களுடைய முறை.

நடு அறைச் சுவருக்கு மறுநாள் வந்தார்கள். ஒரு மூலையில், தரையிலிருந்து முட்டி உயரத்தில், உளி வைத்து அடித்தார்கள். செங்கல் மாதிரி பொலபொலவென்று வரவில்லை. ஒரு பிடி அளவு பெயர்ந்ததும் உள்ளே விரல் பருமனில் கம்பி பளபளத்தது. வேலையாள் தவுக்கேயைக் கூப்பிட்டான். தவுக்கே குனிந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் நிமிர்ந்தார்.

“டாலாம் அடா பெசி.” உள்ளே இரும்பு இருக்கிறது. ஆகவே கூலி நானூறு வெள்ளி கூட.

சுவருக்குள் கம்பி இருந்தால் அது ஏதோ காரணத்துக்காக இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த நான்கு ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தவுக்கேக்குக் கம்பி என்றால் கூடுதல் உழைப்பு. அப்பாவுக்குக் கம்பி என்றால், பேசிய விலைக்கு மேல் பிடுங்கத் தவுக்கே கண்டுபிடித்த தந்திரம். அரை மணி நேரம் இருவரும் முந்நூறு சொல்லையும் பயன்படுத்தினார்கள். தவுக்கே இருநூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். அப்பா சம்மதிக்கவில்லை. தீபாவளி போனஸ் மார்பிளிலும் வளைவிலும் கரைந்துபோயிருந்தது. பெயர்த்த இடத்தில் சிமென்ட் வைத்து மூடச் சொன்னார். மூடினார்கள். அதன்மேல் அலமாரியை நகர்த்தி வைத்தார்கள். கடைசி வரை அப்பா அந்தத் தவுக்கேயை ஏமாற்றுக்காரன் என்றே சொல்லிவந்தார்.

இதில் எனக்கு இன்றும் விளங்காத ஒன்று உண்டு. கட்டடம் எப்படி விழும் என்பதை எங்கள் குடும்பத்தில் கண்ணால் பார்த்தவர் அப்பா ஒருவர்தான்.

1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சேரும் இடத்தில் லியன் யாக் கட்டடம். ஆறு மாடி. கீழே வங்கி, நடுவில் இரவு விடுதி, மேலே ஹோட்டல் நியூ வேர்ல்டு. முற்பகல் பதினொன்றரையை ஒட்டி அது ஒரு நிமிஷத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. அப்பா வேலை பார்த்த கடைக்கும் அதற்கும் நடக்கிற தூரம். துணி அளந்துகொண்டிருந்தவர் கோலைக் கையில் பிடித்தபடியே ஓடியிருக்கிறார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தபோது தலைமுடி வெள்ளையாக இருந்தது, எல்லாம் சிமென்ட் தூசு. அடுத்தடுத்த நாள்களிலும் கடை நேரம் போகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் போய் நின்றிருந்தார். பளு எந்திரங்களை வைத்து மேலிருந்து கிளறினால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள் மீது சரியும் என்பதால், அப்போது எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ், அயர்லாந்து, ஜப்பானிய வல்லுநர்கள் வந்து இடிபாட்டுக்கு அடியில் குறுஞ்சுரங்கம் போட்டார்கள். 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். 33 பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழு கண்டுபிடித்ததை அப்பா தமிழ் முரசில் படித்துக் காட்டினார். பிறகு ஏற்றிய வங்கிப் பெட்டகம், கூரையில் வைத்த குளிர்சாதனக் கருவிகள் என்று எதை எதையோ சந்தேகித்தார்கள். ஆனால் மூலக் குற்றம் 1971இல் கட்டும்போதே நடந்திருந்தது. கட்டமைப்புக் கணக்கைப் போட்டவர் தகுதிபெற்ற பொறியாளரே அல்ல, வரைவாளர். அவர் கட்டடத்துக்குள் வரப்போகிற மனிதர்கள், மேசை நாற்காலி இவற்றின் எடையைக் கணக்கில் எடுத்திருக்கிறார். கட்டடத்தின் சொந்த எடையை விட்டுவிட்டார். தளம், சுவர், தூண் இவையெல்லாம் எடையே இல்லாதவை என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. அப்படியும் அது 15 வருஷம் நின்றது என்பதுதான் பயப்பட வேண்டிய சங்கதி. விழுவதற்கு முன்பு தூண்கள் ஒன்றொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன.

அதன் பிறகுதான் 1989இல் புதிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை அவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும், கட்டி முடித்த கட்டடங்களையும் குடியிருப்பானால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவற்றை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றெல்லாம் ஏற்பாடுகள். இவ்வளவையும் படித்து, இவ்வளவையும் பார்த்து, தூசோடு வீட்டுக்கு வந்த மனிதர் ஆறு வருஷம் கழித்து ஒரு நடுவிரலின் பேச்சைக் கேட்டுச் சுவரை உடைத்தார். கேட்டிருந்தால், “அது ஹோட்டல், இது நம்ம வீடு” என்றிருப்பார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். 684பியிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். அப்பா இல்லை. மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை, ஆகவே நடு அறைச் சுவர் அவள் கண்ணை உறுத்தியது. அதே சுவர். எடுத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பு வைத்தால் வெளிச்சமாக இருக்கும் என்றாள். இப்போது எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். சமையலறைச் சுவரை இடித்துத் திறந்த சமையலறை என்பார்கள், மீன் பொரித்த முதல் வாரத்திலேயே அதே இடத்தில் கண்ணாடிச் சுவர் எழும்பும். பணம் இரண்டு முறை போகும். ஆனால் இரண்டாவது சுவர் வழியாகப் பார்க்க முடியும்.

உள்ளலங்கார நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். மடிக்கணினியைத் திறந்து எங்கள் வீட்டின் முப்பரிமாணப் படத்தைக் காட்டினார். படத்தில் நடு அறைச் சுவர் ஏற்கெனவே இல்லை. நாங்களும் இல்லை. எங்களுக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தது.

“இது தாங்கு சுவரா இருந்தா தம்பி?”

“பி.இ. சைன் வாங்கிடலாம் அங்கிள். நம்மகிட்ட ஆள் இருக்கு.”

மேல் வீடுகளைத் தாங்கப்போவது கையெழுத்துதான் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அவர்கள் ஆளை விட்டுவிட்டு நாங்களே ஒருவரைத் தேடினோம். இங்கே பி.இ. எனப்படும் நிபுணத்துவப் பொறியாளர் என்பது அட்டையில் அச்சடித்துக்கொள்கிற பட்டம் இல்லை. பதிவு வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கிடைத்தவர் நாற்பது வயதையொட்டிய ஒரு தமிழ்ப் பெண்மணி, யீஷூனில் வளர்ந்தவர். தொலைபேசியிலேயே கட்டணத்தைச் சொல்லிவிட்டார்: முடியும் என்றாலும் அவ்வளவுதான், முடியாது என்றாலும் அவ்வளவுதான்.

“வேலை நடக்கலைன்னாலும் காசா?” என்றார் என் மனைவி, போனை வைத்த பிறகு.

வந்தவர் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு முதலில் மேலே பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். சுவரைக் கடைசியில்தான் பார்த்தார். எத்தனை அடுக்குத் தரை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். வீவக ஓடு, அதன்மேல் அப்பாவின் மார்பிள், அதன்மேல் நான் ஒட்டிய வினைல் என்றேன். முகம் மாறவில்லை, எழுதிக்கொண்டார். தரைப் பூச்சு மொத்தமும் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. சிமென்ட் கலவையும் கல்லுமாக 50 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் வரும். நூறு சதுர மீட்டர் வீட்டுக்குப் பத்து டன். அப்பா பளபளப்புக்காக வாங்கியது எடையாகவும் இருந்தது. லியன் யாக் கட்டடத்தில் விட்டுப்போன சங்கதியை எங்கள் வீட்டில் ஒருவர் முதல் தடவையாகக் கேட்டு எழுதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்து, சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல் சுவரில் மேலும் கீழும் நகர்த்தினார். சீரான இடைவெளியில் அது கீச்சென்றது. ஒவ்வொரு கீச்சுக்கும் ஒரு சாக்பீஸ் கோடு. கொஞ்ச நேரத்தில் சுவரில் கட்டம் கட்டமாகக் கணக்கு நோட்டு விரிந்தது. வீவகவிடம் காசு கட்டி வாங்கிய வரைபடத்தை அதன் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். மற்றச் சுவர்களெல்லாம் மெல்லிய கோடு, இது மட்டும் தடித்த கோடு.

“உங்களுக்கு மேலே எத்தனை மாடி சார்?”

“பத்து.”

“இதே இடத்துல, இதுக்கு நேர் மேல, பத்து வீட்டுலயும் இதே சுவர் இருக்கு. நாலு மீட்டர் நீளம், இருபது சென்டிமீட்டர் கனம். ஒரு சுவர் மட்டுமே அஞ்சு டன் வரும். பத்து சுவருக்கு அம்பது டன். தளம், ஆளு, ஃபிரிட்ஜ், பீரோ எல்லாம் இன்னும் நான் சேர்க்கலை.”

மகள் விடவில்லை. இரும்பு உத்திரம் போட்டு எடுக்கலாமே, யூடியூபில் எடுக்கிறார்களே என்றாள். எடுக்கிறார்கள்தான். தரை வீடுகளில் அது நடக்கிற வேலை. சுவரின் மேற்பகுதியில் ஓட்டை போட்டுக் குறுக்கே இரும்புத் துண்டுகளைச் செருகி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, எடையை முதலில் முட்டுக்கு மாற்றுவார்கள். பிறகுதான் சுவரை வெட்டி உத்திரத்தை ஏற்றுவார்கள். உத்திரத்தின் இரண்டு நுனியும் எதன்மேல் உட்காரும், அந்த இடம் தாங்குமா, அடியில் அடித்தளம் தாங்குமா என்று கணக்கு கீழே இறங்கிக்கொண்டே போகும். எங்கள் கணக்கு கீழே இறங்கினால் மூன்றாம் மாடி வீட்டுக்காரரின் ஹால் வரும். வீவக வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, தாங்கு சுவர், தூண், உத்திரம், தளம் இவற்றில் கை வைக்க அனுமதி கிடையாது. பொறியாளர் கையெழுத்தை வைத்து அனுமதி கேட்கலாம் என்பதெல்லாம், காங்கிரீட்டாக இருந்தும் எடை தாங்காத சுவர் போன்ற வேறு சில வேலைகளுக்கு.

லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு பற்றிப் பொறியாளர் சொன்னார். 1968 மே 16, விடியற்காலை. 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. வெடிப்பு பெரியதில்லை, அவரே பிழைத்துக்கொண்டார். ஆனால் அது தள்ளிவிட்ட சுவர்ப் பலகைதான் மேல் மாடிகளைத் தாங்கியது. மேலே இருந்தவை விழுந்தன, விழுந்த எடையில் கீழே இருந்தவையும் வரிசையாக விழுந்தன, கட்டடத்தின் ஒரு மூலை முழுக்கப் போயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். திறந்து இரண்டு மாதமே ஆன புதுக் கட்டடம். உலகம் முழுக்கக் கட்டட விதிகள் மாறக் காரணமான தேநீர் அது.

எங்கள் வீட்டிலும் தேநீர் வந்தது. “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டபடி அம்மா கொண்டுவந்தார். அதை வாங்கி வைத்துவிட்டுப் பொறியாளர் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். முட்டி உயரத்தில் கருவி வேறு மாதிரி கத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தார். சாயத்துக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வேறு சிமென்ட். முப்பது வருஷத்துக்கு மேல் அலமாரிக்குப் பின்னால் இருந்த தவுக்கேயின் உளித்தடம்.

“இங்க யாரோ ஆரம்பிச்சிருக்காங்க சார். ஏன் நிறுத்துனாங்க?”

“நானூறு வெள்ளி கூடக் கேட்டான். இவங்க அப்பா தரலை” என்றார் அம்மா.

பொறியாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டேன். எடுத்திருந்தால் புளோக் விழுந்திருக்குமா?

“விழுந்திருக்கும்னு சொல்ல மாட்டேன் சார். நின்னிருக்கும்னு கையெழுத்தும் போட மாட்டேன்.”

கட்டடத்தில் ஓரளவு மிச்ச பலம் வைத்துத்தான் கட்டுவார்கள், ஒன்று போனால் பக்கத்தில் இருப்பது கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும், 684பியிலும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டது என்றார். ஆனால் எங்கள் புளோக்கில் நாங்கள் மட்டும் இல்லையே. 1992இல் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு வீடாக முறை போட்டு உடைத்தோமே, மற்ற வீடுகளிலும் நானூறு வெள்ளி இல்லாமல் போயிருந்ததா? நான் இதை அவரிடம் கேட்கவில்லை. மக்சிக்கின் கதவு ஞாபகத்துக்கு வந்தது.

போகிறபோது சமையலறை வளைவையும் ஒருமுறை வருடிப் பார்த்தார். கீச்சொலி எதுவும் இல்லை. வெறும் செங்கல் தடுப்பு, மேலே உத்திரம் அப்படியே இருக்கிறது. நடுவிரல் அந்த ஒன்றைச் சரியாகச் சொல்லியிருந்தது. அதற்கு அனுமதித் தாள் இருக்கிறதா என்று பொறியாளர் கேட்டார். அப்பாவின் பிஸ்கெட் டின்னில் தேடினோம். கழகத்தின் பழைய அனுமதி ஒன்று உண்மையிலேயே இருந்தது. தவுக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறார், அப்பா திறந்தே பார்க்கவில்லை. தாளில் சமையலறைச் சுவர் மட்டுந்தான். நடு அறைச் சுவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம், முத்திரை, பதிவு எண், கையெழுத்து. சாரம்: தொடாதீர்கள். மனைவி அதைப் படித்துவிட்டுக் கட்டண ரசீதையும் படித்தார். “இதை உங்கப்பா ஓசியிலயே சொல்லிட்டாரே” என்றார்.

மகளுக்கு அடுத்த ஆண்டு கல்யாணம். 2024 அக்டோபரில் விற்பனைக்கு வந்த பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டித் தரும் வீடுகள்) பட்டியலில் காலாங் வாம்போ வட்டாரத்து கிராஃபர்ட் ஹைட்ஸ் பற்றி இப்போது பேசிக்கொண்டிருக்கிறாள். வீவக முதன்முதலாக உள்சுவரே இல்லாமல் விற்ற வெள்ளை வீடுகள். உள்ளே குறுக்கே உத்திரமும் கிடையாது, எங்கே அறை வேண்டுமோ அங்கே நாமே தடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. “சுவரோட குடுத்தப்ப உடைக்கக் காசு குடுத்தோம். இப்ப சுவரில்லாம குடுத்துட்டு, கட்ட நம்மளைக் காசு குடுக்கச் சொல்றானா?” கியாட் ஹோங்கில் புதிய வீட்டில் இருக்கும் என் தங்கை வேறு வகை. 1997 சட்டத்துக்குப் பிறகு வந்த வீடுகளில் இருக்கும் பாதுகாப்பு அறையின் கனத்த சுவரை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததும், அதற்குள் சாமி படங்களை மாட்டிப் பூசையறை ஆக்கிவிட்டாள். குண்டு விழுந்தால் பிள்ளையாருக்குக் கவலையில்லை.

எங்கள் வீட்டில் சுவர் நின்றுவிட்டதால் வேலை சாயம் பூசுவதோடும் மேடை மாற்றுவதோடும் முடிந்தது. அதற்கும் அந்தத் தம்பிதான் வந்தார். அப்பாவின் வளைவைச் சதுரமாக்கிவிடலாம், பழுப்பு ஓடெல்லாம் பழைய காலத்து வீடு என்று காட்டுகிறது என்றேன். தம்பி பதறிவிட்டார்.

“ஐயோ அங்கிள், இப்ப இதுதான் டிரெண்ட். மத்தவங்க பிளாஸ்டர்போர்டு வச்சு வளைவு செஞ்சுக்குறாங்க. உங்களது ஒரிஜினல் செங்கல்!”

மறுநாள் விலைப்பட்டியல் வந்தது. சிகரெட் பெட்டித் தாளில் இல்லை, ஒன்பது பக்கப் பிடிஎஃப். அதில் சமையலறைத் தலைப்பின் கீழ் நான்காவது வரி: ஏற்கெனவே உள்ள வளைவைச் சேதப்படாமல் பாதுகாத்தல், 380 வெள்ளி. 1992இல் அதை உடைத்துச் செய்ய அப்பா கொடுத்தது ஏறக்குறைய அதே தொகை. அன்று ஜிஎஸ்டி கிடையாது, இப்போது 9 விழுக்காடு.

அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். “இருநூற்றைம்பதுக்குக் கேட்டுப் பாரு” என்றார்.